மயிலிட்டியில் விடுவதும் மறிப்பதும்

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாணத்தில் தொடக்கிவைத்த வேலைகளில் இரண்டை நான் சேர்த்தே பார்க்கிறேன். ஒன்று மயிலிட்டி மீன்பிடித் துறைமுகத்தின் மூன்றாம் கட்ட அபிவிருத்தி. மற்றது யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் மின்நூலகத் திட்டம். துறைமுகத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கருத்து உண்டு. மண் தோண்டுவது போதாது, இறங்குதுறை போதாது, தென்பகுதிப் படகுகளுக்கு இடம் போய்விடுகிறது என்று சனம் வாய் திறந்து கேட்கும். மின்நூலகத்தைப் பற்றியும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. அந்த நூலகத்தின் கணினிகளில், நாளை ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் வாசிகசாலைகளிலும் வரப்போகிற கணினிகளில், எந்தப் பக்கம் திறக்கும், எது திறக்காது, அதை யார் தீர்மானிப்பது?

மயிலிட்டியில் நின்று இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எதை விடுவது, எதை மறிப்பது என்று வேறொருவர் தீர்மானித்ததன் விளைவை இந்த ஊர் இருபத்தேழு வருடம் அனுபவித்தது.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபோது மயிலிட்டிச் சனம் வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டுத் தெற்கே நகர்ந்தது. ஒரு காலத்தில் நாட்டின் மீனில் மூன்றிலொரு பங்கு இந்தத் துறையிலிருந்தே போனது என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தத் துறையும் காசநோய் ஆஸ்பத்திரியும் கோயில்களும் பாடசாலையும் பலாலி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. சனத்தில் ஒரு பகுதி மல்லாகம் கோணப்புலம், நீதவான், சுன்னாகம் கண்ணகி, சபாபதிப்பிள்ளை முகாம்களில் வாழ்ந்தது. அங்கே பிறந்த பிள்ளைகள் தங்கள் ஊரைக் கதையாகத்தான் கேட்டு வளர்ந்தார்கள். 2017 ஜூலை 3ஆம் திகதிதான் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. இன்னும் விடாத காணிகள் இருக்கின்றன.

அந்த ஆண்டுகளில் குடாநாட்டுக்குள் என்ன வரலாம் என்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, பற்றறி. தடை என்னவென்று சந்தைக்குப் போகிற பிள்ளைக்கும் தெரியும். எங்கே மறிப்பார்கள் என்பதும் தெரியும்: வவுனியாப் பக்கம் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் சாமான் இறக்கிக் கிளறுவார்கள். மின்சாரம் இல்லாத, பற்றறி இல்லாத யாழ்ப்பாணம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டது. பிபிசி தமிழோசை வரும் நேரத்துக்கு ஒருவர் மிதிக்க, பத்துப்பேர் சுற்றி நிற்பார்கள். அச்சுத்தாள் வராதபோது பத்திரிகை பாடசாலைக் கொப்பித் தாளில் அச்சானது.

அது கொடுமையான மறிப்பு. அதற்கு வக்காலத்து வாங்க ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மறிக்கப்படுகிறோம் என்பது மறிக்கப்பட்டவர்களுக்குத் தெரிந்தது. எதை, எங்கே, எவர் என்ற மூன்றும் வெளிச்சத்தில் இருந்தன. அதனால்தான் சுற்றுவழி தேடவும் எதிர்த்துப் பேசவும் முடிந்தது.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபின் யாழ்ப்பாணத்தில் நெற்கபேக்கள் முளைத்தன. மறைப்புத் தட்டிக்குள் உட்கார்ந்து, தலையில் ஹெட்செற் மாட்டி, ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்த பிள்ளைகளின் முகத்தைத் தாய்மார் முதன்முதல் திரையில் பார்த்த காலம் அது. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடியது. 2007 ஜூனில் தமிழ்நெற் செய்தித் தளம் இலங்கைக்குள் திறக்காமல் போனது. அரசாங்கத்தின் பணிப்பில் இணையச் சேவை நிறுவனங்கள் அதை மறித்திருந்தன. சாமான் மறித்த காலத்துப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய மாதிரியான மறிப்பு. இதில் சென்றி இல்லை, பட்டியல் இல்லை. பக்கம் வராது, அவ்வளவுதான். கேபிள் பிழையா, கணினி பிழையா, அந்தத் தளமே செத்துவிட்டதா என்று பார்ப்பவர் தன்னுடைய பக்கத்திலேயே பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்.

இந்த மறிப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இங்கேதான் எங்கள் கவனம் போக வேண்டிய இடம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், வலையமைப்புக் கருவி செய்பவர்கள் வேறு, வடிகட்டும் மென்பொருள் செய்பவர்கள் வேறு. சிஸ்கோ நிறுவனம் பிக்ஸ் என்ற ஃபயர்வோல் பெட்டியை விற்றது. கலிபோர்னியாவின் வெப்சென்ஸ், சியாற்றிலின் என்2எச்2 போன்ற நிறுவனங்கள் கோடிக்கணக்கான முகவரிகளை வகை பிரித்துப் பட்டியலாக விற்றன: சூதாட்டம், ஆபாசம், செய்தி, மருத்துவம், அரசியல் என்று. பெட்டிக்குப் பட்டியல் தெரியாது. பட்டியலுக்குப் பெட்டியின் போக்குவரத்து தெரியாது. இரண்டையும் பேசவைத்தால்தான் வடிகட்டல் நடக்கும்.

பேச்சு இப்படிப் போகும். ஒரு மாணவி ஒரு பக்கத்தைக் கேட்கிறாள். பிக்ஸ் அந்தக் கோரிக்கையை வெளியே தளத்துக்கும் அனுப்பும், அதே நேரத்தில் உள்ளே வடிகட்டும் சேர்வருக்கும் முகவரியை அனுப்பி, விடலாமா என்று கேட்கும். வெப்சென்ஸ் என்றால் 15868ஆம் இலக்கப் போர்ட்டில், என்2எச்2 என்றால் 4005இல். தீர்ப்பு வருமுன் தளத்தின் பதில் வந்து சேர்ந்துவிட்டால் பெட்டி அதைத் தன் நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கும். "விடு" என்று வந்தால் மாணவியிடம் போகும். "மறி" என்று வந்தால் வந்த பக்கம் வீசப்படும். அதற்குப் பதிலாக ஒரு தடைப்பக்கம் போகும். எல்லாம் ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்குள்.

செக் பொயின்ட் நிறுவனம் இதற்கெனத் தன் கூட்டாளி நிறுவனங்களோடு ஒரு முறையை 1997இலேயே வகுத்தது. 2003இல் ஐகப் என்ற பொதுவழி ஒரு இணையத் தகவல் ஆவணமாக (ஆர்.எஃப்.சி.) வெளிவந்தது. எவர் செய்த பெட்டியும் எவர் செய்த வடிகட்டியோடும் பேசலாம் என்ற நோக்கம். பல்கலைக்கழகங்களில் பணமில்லாமல் கிடைத்த ஸ்குயிட் என்ற இடைநிலை மென்பொருளோடு ஸ்குயிட்கார்ட், டான்ஸ்கார்டியன் போன்றவற்றைச் சேர்த்துக் கட்டினார்கள்.

அந்தச் சேர்க்கையில் ஒரு சிறிய தெரிவு உண்டு. வடிகட்டும் சேர்வர் செத்துவிட்டால் பெட்டி என்ன செய்ய வேண்டும்? பிக்ஸில் வடிகட்டும் கட்டளையின் கடைசியில் "அனுமதி" என்ற ஒரு சொல்லைச் சேர்க்கலாம். சேர்த்தால், சேர்வர் பதில் சொல்லாத வேளையில் எல்லாமே வடிகட்டாமல் போகும். சேர்க்காவிட்டால், சேர்வர் உயிர்பெறும்வரை வலைப்பக்கப் போக்குவரத்து முழுவதும் நிற்கும். சந்தேகம் வந்தால் விடுவதா, மறிப்பதா என்ற கேள்விக்கு ஒரு ஊரோ பள்ளிக்கூடமோ கூடிப்பேசிப் பதில் சொல்ல வேண்டும். பெட்டியைப் பூட்ட வந்த தொழில்நுட்பவியலாளர் ஒரு பின்னேரத்தில், ஒருவரையும் கேளாமல், ஒரு சொல்லைத் தட்டியோ தட்டாமலோ அதைத் தீர்த்துவிட்டுப் போய்விடுவார். அவரில் பிழை இல்லை. அவரிடம் எவரும் எதையும் சொல்லவில்லை.

தமிழ்ப் பக்கங்களின் கதை இன்னும் ஒரு படி சிக்கலானது. யுனிகோடு பரவுமுன் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பெரும்பாலான தளங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் அர்த்தமில்லாத வரிசை. சொற்களைப் பார்த்து வகைபிரிக்கும் வடிகட்டிக்கு அது மொழியே இல்லை. நல்லதையும் அதால் அறிய முடியாது, கெட்டதையும் அறிய முடியாது. இன்று யுனிகோடு வந்துவிட்டது என்றாலும், வகைபிரிக்கும் பட்டியல்கள் ஆங்கிலத்தை மையமாக வைத்து வளர்ந்தவை. சிறிய ஊர்த்தளம், கோயில் தளம், பழைய மாணவர் சங்கத் தளம் எல்லாம் "வகைப்படுத்தப்படாதது" என்ற கூடைக்குள் விழும் வாய்ப்பு அதிகம். வகைப்படுத்தப்படாததை மறி என்று ஒரு பெட்டியில் அமைத்துவிட்டால், எங்கள் மொழியில் ஒரு பெரிய துண்டு சத்தமில்லாமல் போய்விடும்.

மறிப்பைக் கூட்டினால் பாதுகாப்பும் கூடும் என்ற நம்பிக்கையும் ஆராயப்பட வேண்டியது. 2002இல் அமெரிக்காவின் கைசர் குடும்ப அறக்கட்டளை, இளையோர் உடல்நலத் தகவல் தேடும்போது வடிகட்டிகள் என்ன செய்கின்றன என்று அளந்து, அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டது. குறைந்த கட்டுப்பாட்டில் வடிகட்டிகள் ஆபாசத் தளங்களில் 87 வீதத்தை மறித்தன; உடல்நலத் தளங்களில் 1.4 வீதம்தான் தவறாக அடிபட்டது. ஆகக் கூடிய கட்டுப்பாட்டில் ஆபாச மறிப்பு 91 வீதமானது. உடல்நலத் தளங்களிலோ 24 வீதம் அடிபட்டது. நாலு வீத ஆதாயத்துக்கு நாலில் ஒரு மருத்துவப் பக்கத்தைக் கொடுத்தார்கள். பெண்பிள்ளை தன் உடலைப் பற்றி வீட்டில் கேட்கத் தயங்கும் எங்கள் ஊர்களில் அந்த நாலில் ஒன்று என்ன விலை என்று ஒரு குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் சொல்வார்.

இந்த அளவுகள் எல்லாம் முகவரி வெளிப்படையாகப் போன காலத்துக்குரியவை. இன்று நிலைமை வேறு. 2013க்குப் பின், அரசுகள் இணையத்தை ஒட்டுக்கேட்பது வெளிவந்தபின், தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைகுறியாக்கத்துக்கு மாறின. பெட்டிக்கு இப்போது எந்தத் தளம் என்பது மட்டும்தான் பெரும்பாலும் தெரியும். அந்தத் தளத்தில் எந்தப் பக்கம் என்பது தெரியாது. முன்பு ஒரு கட்டுரையை மட்டும் மறிக்க முடிந்த பெட்டி இன்று முழுத் தளத்தையும் மறிக்க வேண்டும், அல்லது முழுவதையும் விட வேண்டும். இடையில் நின்று உள்ளே பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கணினியிலும் தன்னை நம்பும்படி ஒரு சான்றிதழை நிறுவ வேண்டும். அப்படி நிறுவினால் வங்கிக் கடவுச்சொல்லும் வைத்தியருக்கு எழுதிய கடிதமும் அந்தப் பெட்டிக்குத் திறந்து கிடக்கும். நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ இதைச் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சிறிய இடங்களுக்குச் சாத்தியமான வழி டி.என்.எஸ். தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் இலக்கத்தைச் சொல்லும் சேவை அது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரல் 1இல் குடும்பங்களுக்கென 1.1.1.3 என்ற முகவரியில் ஒரு சேவையைத் தொடங்கியது. தீங்கு நிரலும் ஆபாசமும் அதில் மறிக்கப்படும். நெற்கபேக்காரரும் பள்ளிக்கூடமும் வாங்கக்கூடிய ஒரு மைக்ரோரிக் ரவுட்டரில், எல்லாப் பெயர்க் கேள்விகளையும் அந்த முகவரிக்குத் திருப்பிவிடச் சில வரிகள் போதும். ஆயிரக்கணக்கான டொலர் உரிமக் கட்டணம் கேட்ட சேர்க்கையை இன்று ஒரு தொழில்நுட்பக் கல்லூரி மாணவன் அரைமணியில் செய்துவிடுவான். ஆனால் 2018இல் தரமாக வந்த புதிய முறையில், உலாவியே பெயர்க் கேள்வியையும் மறைகுறியாக்கி நேரே வெளியே அனுப்பலாம். ரவுட்டர் அதைக் காணாது. மேல்வகுப்புப் பொடியன்களுக்கு இது நன்றாகத் தெரியும்; ஆசிரியர்களுக்குத்தான் பல இடங்களில் தெரியாது.

நாட்டளவில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன ஏறத்தாழ ஒரு வாரம் மறிக்கப்பட்டன. வெறுப்பைப் பரப்பியவர்களை நிறுத்தத்தான் என்றார்கள். நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வட்ஸ்அப்பிலும் வைபரிலும்தான் வடக்கின் குடும்பங்கள் பாதி உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னும் மறித்தார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் போராட்டம் உச்சத்துக்குப் போகும் வேளையில், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்பேரில் சமூக ஊடகங்கள் நள்ளிரவிலிருந்து பிற்பகல்வரை நின்றன. மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது; தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. ஒவ்வொரு முறையும் சனம் விபிஎன் போட்டுத் தாண்டியது. இப்போது 2024 பெப்ரவரி 1இல் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு ஆணைக்குழு சொன்னால் ஒரு தளத்துக்கான வழியை மூட வேண்டிய கடப்பாடு இணையச் சேவை நிறுவனங்களுக்கு வரலாம். ஒவ்வொரு நிறுவனத்திலும் வெவ்வேறு நாட்டுப் பெட்டிகள், வெவ்வேறு மென்பொருள்கள். அதனால் ஒரே உத்தரவு ஒரு சிம்மில் ஒருவிதமாகவும் இன்னொரு சிம்மில் வேறுவிதமாகவும் தெரியும். பாவிப்பவருக்கோ மறுபடி அதே குழப்பம்: கவறேஜ் இல்லையா, டேற்றா முடிந்ததா?

இருட்டுக்குள் ஒரு கதவும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி, எந்தத் தளங்களை எவர் சொல்லி மறித்தார்கள் என்று கிரவுண்ட்வியூஸ் என்ற செய்தித் தளம் கேட்டுப் பெற்று 2017இல் வெளியிட்டது. தாண்டிக்குளத்தில் கண்ணுக்குத் தெரிந்த பட்டியல், இணையத்தில் விண்ணப்பம் எழுதிக் கேட்டால்தான் தெரியவந்தது. என்றாலும் தெரியவந்தது.

இன்றைய மயிலிட்டிக்கு வருவோம். மேற்கே காங்கேசன்துறை, பக்கத்தில் பலாலி விமானத் தளம். 2019 ஒக்ரோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. துறைமுகத்தில் ஊர்ப் படகுகள் நிற்கும் அதே நீரில் கடற்படை பிடித்துவந்த தமிழகப் படகுகளும் கட்டிக்கிடக்கின்றன. காற்று எப்படி, கடல் எப்படி, ரோலர் (இழுவைப்படகு) எந்தப் பக்கம் வந்திருக்கிறது என்பதெல்லாம் போனில் ஓடித்திரியும் தகவல். வீடு திரும்பிய குடும்பங்களில் பிள்ளைகள் ஸூமில் ரியூசன் கண்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு வடிகட்டி தேவையா? தேவை. சூதாட்டச் செயலிகளும் கடன்கொடுக்கும் மோசடிகளும் வெளிநாட்டு வேலை ஏமாற்றுகளும் வறுமையில் இருந்து மீளும் வீடுகளைத்தான் முதலில் தேடி வருகின்றன. சிறுபிள்ளை ஒரு தட்டலில் பார்க்கக்கூடாததைப் பார்த்துவிடும். இதையெல்லாம் கண்டும் திறந்துவிடு என்று சொல்பவன் பிள்ளை வளர்க்காதவன்.

கவலை, மறிப்பு எப்படிச் சொல்லப்படுகிறது என்பதில். "அண்ணை, இது ஏன் திறக்குதில்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "சிஸ்டம் விடுதில்லை தம்பி" என்பதுதான் எங்கும் கிடைக்கும் பதில். அந்த அண்ணைக்கும் அதற்கு மேல் தெரியாது. அமெரிக்காவில் மத்திய அரசின் இணைய உதவி பெறும் பொது நூலகங்கள் வடிகட்டி வைக்க வேண்டும் என்ற சட்டத்தை 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோது அதற்குத் துணைநின்ற ஒரு காரணம், வயதுவந்த ஒருவர் கேட்டால் நூலகர் அதை நிறுத்தலாம் என்பது. கேட்க ஒரு ஆள், நிறுத்த ஒரு கை. எங்களுக்கும் அதுதான் வேண்டும்.

மயிலிட்டியில் ஒரு வாசிகசாலையிலோ பாடசாலையிலோ இணைய அறை திறந்தால் நான் இதைக் கேட்பேன். தடைப்பக்கம் தமிழில் இருக்க வேண்டும். எந்த வகை என்பதற்காக மறித்தது, யாரிடம் சொன்னால் திறக்கும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வகைப்படுத்தப்படாததை விடு என்று அமைக்க வேண்டும். வடிகட்டி விழுந்தால் சிறுவர் கணினிகள் நிற்கலாம், பெரியவர்களின் கணினி நிற்கக் கூடாது. கரண்ட் போகும் ஊர் என்பதால் ரவுட்டரும் வடிகட்டியும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று உயிரோடும் மற்றது செத்தும் நிற்கும்.

எப்போதும் திறந்திருக்க வேண்டியவற்றின் பட்டியலை ஊரே எழுத வேண்டும். ஒரு ஆசிரியர், வாசிகசாலைப் பொறுப்பாளர், கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒருவர், உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் போதும். வளிமண்டலவியல் திணைக்களம், பரீட்சைத் திணைக்களம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ கல்வித் தளம், கடற்றொழில் திணைக்களம் என்று தொடங்கலாம். அதில் நூலகம் தளம் கட்டாயம் இருக்க வேண்டும். 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் எண்ணிமமாக்கி வைத்திருக்கும் இடம் அது. அங்கே போர்க்காலப் பத்திரிகைகள் கிடக்கின்றன. வன்முறை, ஆயுதம், தீவிரவாதம் என்று வகைபிரிக்கும் ஒரு பட்டியல் அவற்றை எந்தக் கூடையில் போடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முகாமில் பிறந்த தாயின் பிள்ளை தன் ஊர் 1990இல் ஏன் வெறுமையானது என்று தேடும் நாளில் அந்தப் பக்கம் திறந்திருக்கிறதா என்பதை, கணினி அறை திறப்புவிழாவுக்கு முதல் நாளே ஒருவர் உட்கார்ந்து தட்டிப் பார்க்க வேண்டும்.